பவானி சார்பில்

வைத்திலிங்கத்தின் குரலைச் சொல்லாமல் வைத்திலிங்கத்தைச் சொல்ல முடியாது. கடலூர்–சிதம்பரம் தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று "ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம்!" என்று அவர் ஒரு தரம் கூப்பிட்டால், டீ கிளாஸைக் கையில் எடுத்தவன் குடிக்காமல் வைத்துவிட்டு ஓடி வருவான். சிதம்பரம் போகிற உத்தேசமே இல்லாதவர்கள்கூட அந்தக் குரலுக்கு மயங்கி ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருடைய டிரைவர் சொல்வதுண்டு. அது கொஞ்சம் ஜாஸ்திதான். ரொம்ப ஜாஸ்தி இல்லை.

அந்தக் குரலுக்கு லீவு நாளில் வேறு வேலை இருந்தது. சிதம்பரத்தைச் சுற்றி எந்த ஊரில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடந்தாலும் மைக்கில் வர்ணனை வைத்திலிங்கம்தான். அறுப்பு முடிந்த வயலில், பள்ளிக்கூட மைதானத்தில், ஏரிக்கரை ஓரத்தில் நடக்கிற ஆட்டங்கள். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பந்தலுக்குக் கீழே மேசை போட்டு, அவர் மைக்கைக் கையில் எடுத்தார் என்றால், தட்டுத்தடுமாறி ஒரு ரன் ஓடியவனும் கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தவன் போல நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். வெயிலைக்கூட அவர் விடமாட்டார். "கதிரவன் தன் பங்குக்குப் பந்து வீசிக்கொண்டிருக்கிறார்" என்பார்.

அன்பளிப்பைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒருவன் சிக்ஸர் அடிக்கிறான் என்று வையுங்கள். வேடிக்கை பார்க்கிற கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து வந்து, மைக் மேசையில் ஒரு நோட்டை வைத்து, வர்ணனையாளர் காதில் தன் பெயரைச் சொல்வார். அடுத்த நிமிஷம் குழாயில் வரும்: "சற்று முன் பந்தை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்த ஆட்டக்காரரைப் பாராட்டி, குமராட்சி உரக்கடை உரிமையாளர் அண்ணன் சுப்பிரமணியன் அவர்கள் சார்பில் அன்பளிப்பு!" கூட்டம் கை தட்டும். அந்தக் கைதட்டலில் அடித்தவனுக்குப் பாதி, கொடுத்தவருக்குப் பாதி. கொடுத்தவரே வந்து பெயர் வேண்டாம் என்றால், "பெயர் சொல்ல விரும்பாத அன்பர்" என்று சொல்வதும் உண்டு. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் அபூர்வம்.

இந்த விஷயத்தில் வைத்திலிங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. "காசு வாங்குனா பேரச் சொல்லணும்." எவ்வளவு கசங்கிய நோட்டாக இருந்தாலும், கொடுத்தவர் பெயர், ஊர், தகப்பனார் பெயர் என்று ஒன்று விடாமல் சொல்வார். ஆட்டம் முடிகிற நேரமாக இருந்தாலும், மழை தூறினாலும், சொல்லி முடித்துவிட்டுத்தான் மைக்கை வைப்பார்.

ஆனால் முதல் நோட்டு அவ்வளவு சுலபத்தில் வராது. கல்யாணப் பந்தியில் முதல் ஆளாகப் போய் உட்காரத் தயங்குகிற மாதிரிதான் அதுவும். யாராவது ஒருவர் ஆரம்பித்து வைக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தன் சட்டைப் பையிலிருந்தே பத்து ரூபாயை எடுத்து மேசையில் வைத்து, "செல்வி பவானி சார்பில் ரூபாய் பத்து!" என்று முழங்குவார். கூட்டத்துக்கு ரோஷம் வந்துவிடும். ஒரு சின்னப் பெண் கொடுக்கும்போது நாம் உட்கார்ந்திருக்கலாமா என்று வரிசையாக வருவார்கள்.

பவானி அவருடைய ஒரே மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. கிரிக்கெட் மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் அவள் பெயர் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருவன் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டுவான். பின்னால் வருகிறவன், "பவானி சார்பில் பத்து ரூபா!" என்று கத்துவான். ஆட்டத்துக்கு ஆட்டம் சிக்ஸர் அடித்த ஓர் இடதுகைக்காரனுக்கு "பவானி மாப்ள" என்றே பெயர் விழுந்துவிட்டது. மகளை வைத்துத் தொழில் தந்திரம் பண்ணுகிறோமே, அது எங்கே போய் முடியும் என்று அந்த மனிதர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. குரல் இருக்கிற அளவுக்கு யோசனை இருந்திருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் பவானி பையைத் தரையில் போட்டுவிட்டு நின்றாள்.

"அப்பா, மைக்ல எம் பேரச் சொல்றத நிறுத்து."

"இன்னா பாப்பா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ரோட்ல நடக்க முடியல. கண்டவனுக்கெல்லாம் நான் காசு குடுக்கறனாம். இனிமே எந்த மைக்லயும் எம் பேரு வரக்கூடாது. எந்தலைல கை வெச்சு சத்தியம் பண்ணு."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். கையை வைத்துச் சத்தியம் பண்ணினார். எந்த மைக்கிலும் இல்லை. என்றைக்கும் இல்லை.

சத்தியம் பண்ணுவது சுலபம். மைக்கில் சொல்லும்படியாகப் பவானி வளர்ந்ததுதான் கஷ்டமாகப் போயிற்று. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோது பள்ளியிலேயே அவள்தான் முதல். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் பின்தெரு மைதானத்தில் ஆட்டம். ஊர்ப் பிள்ளைகள் பெயரையெல்லாம் வைத்திலிங்கம் மைக்கில் வாசித்தார். தேறியவனுக்கு ஒரு வாழ்த்து, ஒரு பாடத்தில் நழுவியவனுக்கு அடுத்த மாதத் தேர்வுக்கு ஒரு தைரியம். எல்லோரையும் சொல்லி முடித்தபின், ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அணைத்துவிட்டு, மைக்கை உதட்டருகே கொண்டுபோய், "செல்வி பவானி, பள்ளியில் முதல் இடம்" என்றார். செத்த மைக். பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்த உதவியாளர் இளவரசுவுக்கு மட்டும் கேட்டது. பவானி கல்யாணத்தில்கூட, மணமகன் திட்டக்குடி ஸ்ரீதர் என்பதுவரை அவர் சொல்லி, மணமகள் பெயருக்கு மைக்கை இளவரசு கையில் கொடுத்துவிட்டார்.

"அவ அப்ப சின்னப் பொண்ணு, கோவத்துல சொன்னது" என்று மனைவி சௌந்தரம் ஒரு தடவை சொன்னாள். "இன்னமும் அதையே புடிச்சிக்கிட்டு இருக்கீங்களே. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டாதான் இன்னா?"

"சத்தியம் பண்ணவனே போயி வாபஸ் குடுன்னு கேக்கறதா? அவளாச் சொல்லணும்."

"அவளுக்கு அது ஞாபகம் இருக்குமோ இல்லியோ."

"எனக்கு இருக்குல்ல."

இப்படியே காலம் போய்விட்டது. பவானி இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு மெல்பர்னுக்குப் போய்விட்டாள். அங்கே ரயில்களுக்கு சிக்னல் அமைக்கிற கம்பெனியில் இன்ஜினியர். இதை மைக்கில் எப்படிச் சொல்லலாம் என்று வைத்திலிங்கம் மனசுக்குள் எத்தனையோ விதமாக எழுதி வைத்திருந்தார். "ஆஸ்திரேலியக் கண்டத்தில் ரயிலை நிறுத்தவும் போகவும் உத்தரவிடும் சிதம்பரத்து மங்கை" என்பது அவருக்குப் பிடித்த ஒன்று. சொல்லத்தான் வழியில்லை.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு இருவரையும் வரச்சொல்லி பவானி டிக்கெட் அனுப்பினாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்பர்ன் மைதானத்தில் தொடங்கும் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட்டுக்கும் சீட் எடுத்தாகிவிட்டது என்றாள். குமராட்சியில் அரையாண்டு லீவு டோர்னமென்ட் அதே சமயத்தில். வைத்திலிங்கம் மைக்கை முதன்முதலாக இளவரசுவிடம் ஒப்படைத்தார்.

"கவலப்படாம போய்ட்டு வாங்கண்ணே" என்றான் இளவரசு. "ஆனா ஒண்ணு. அங்க போயாவது பாப்பா பேர ஒரு தடவ மைக்ல சொல்லிட்டு வாங்க. இங்க சொன்னாத்தான பசங்க கேலி பண்ணுவானுங்க? அங்க எவனுக்குத் தெரியும்?"

"சத்தியம் ஊருக்கு ஊரு மாறாதுடா" என்றார் வைத்திலிங்கம். ஆனால் விமானம் ஏறும்வரை அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

மெல்பர்னில் இரவு எட்டு மணிக்கும் வெயில் அடித்தது. மார்கழியில் இப்படி ஒரு வெயிலா என்று சௌந்தரம் கொண்டுபோன ஸ்வெட்டரை எடுக்கவே இல்லை. பவானி அவர்களை ரயிலில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினாள். ஒவ்வொரு நிறுத்தம் வருவதற்கு முன்பும் ஒரு பெண் குரல் பெயரைச் சொன்னது. வைத்திலிங்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கொரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா கூப்புடற மாதிரி இல்ல பாப்பா. தகவல் சொல்ற மாதிரி இருக்கு."

"அது ரெக்கார்டு பண்ணதுப்பா."

"அதான் பாத்தேன். எறங்குனா எறங்கு, எறங்காட்டி போன்னு சொல்லுது."

ஒரு நிலையத்துக்கு வெளியே பவானி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கம்பம், அதில் பச்சை விளக்கு. "இந்த லைன்ல எல்லாம் எங்க டீம் போட்டதுதான்" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். வைத்திலிங்கத்துக்கு அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் எழுப்பி, போனைக் கீழே வைக்கச் சொல்லி, அந்த விளக்கைக் காட்ட வேண்டும் போல் இருந்தது. யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பேரும் அவர் மகள் போட்ட விளக்கை நம்பித்தான் தூங்கிக்கொண்டு போகிறார்கள். சௌந்தரத்தின் கையை மட்டும் ஒரு தட்டுத் தட்டினார்.

ஸ்ரீதர் அவர்களைக் கடலோரச் சாலை வழியாக ஒரு நாள் முழுக்கக் காரில் அழைத்துப் போனான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நீலக் கடல். நம் கடலூர் சில்வர் பீச்சில் பார்க்கிற கடல்தான், இங்கே பள்ளத்தில் கிடந்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் ஊர்ப் பலகை வரும்போதெல்லாம் தன்னையறியாமல் குரல் கொடுத்தார். "லார்ன், லார்ன்! லார்ன் எறங்குறவங்க முன்னாடி வாங்க!"

"மாமா, நம்ம நாலு பேர்தான் இருக்கோம்" என்றான் ஸ்ரீதர் சிரித்துக்கொண்டே.

"பழக்கம் மாப்ள. அடுத்து எந்த ஊரு?"

"அப்போலோ பே."

"சில்லறையா வெச்சிக்குங்க" என்றார் வைத்திலிங்கம். பின்சீட்டில் பவானி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று பகல் சாப்பாடு ஜெயராணி வீட்டில். ஜெயராணியும் அவள் கணவர் அன்பரசுவும் பக்கத்துத் தெரு. அவள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கதவைத் திறந்ததும், "ஹேப்பி கிறிஸ்துமஸ்மா, உள்ள வரலாங்களா?" என்று வைத்திலிங்கம் கேட்டதுதான் தாமதம், அவள் கண்ணை அகல விரித்தாள்.

"கண்டக்டர் அண்ணன்! நீங்க பழைய நீல பஸ்ஸு கண்டக்டர் அண்ணன்தானே? நான் சிதம்பரத்துல காலேஜ் படிச்சப்ப தெனம் உங்க பஸ்தான். மொகம்லாம் ஞாபகம் இல்ல. கொரலு!" என்றவள் பவானி பக்கம் திரும்பினாள். "ஏ, இவரா உங்கப்பா? ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

பவானி லேசாகச் சிரித்துவிட்டு, கையில் இருந்த பாத்திரத்தோடு சமையலறைக்குள் போனாள். அவள் ஏன் சொல்லவில்லை என்று வைத்திலிங்கம் யோசித்தார். பிரியாணியும் கேக்கும் வயிற்றுக்குப் போன அளவுக்கு அந்த யோசனையும் உள்ளே போயிற்று. கண்டக்டர் மகள் என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்குமோ? இல்லை, அந்தக் குரலே அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லையோ?

மறுநாள் மைதானம். டிவியில் பார்த்தபோது வட்டமாக ஒரு புல்தரை. நேரில் பார்த்தபோது வைத்திலிங்கம் படியிலேயே நின்றுவிட்டார். அடுக்கடுக்காக ஜனம். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு வருகிற கூட்டத்தை அப்படியே வளைத்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. சௌந்தரம் கட்டிக்கொண்டு வந்த சம்பா சாதத்தையும் கத்திரிக்காய் கொத்சுவையும் வாசலில் ஒரு காவலர் திறந்து பார்த்து, மோந்து, மரியாதையாக மூடிக் கொடுத்திருந்தார்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வைத்திலிங்கம் நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, மைக்செட் இன்னும் ஆரம்பிக்கலியா?"

"எந்த மைக்செட்டு?"

"வர்ணன."

"இங்க அதெல்லாம் கெடையாதுப்பா. டிவில, ரேடியோல பேசுவாங்க. கிரவுண்டுல யாரும் பேச மாட்டாங்க. எவ்ளோ ரன்னுன்னு ஸ்கிரீன்ல போடுவாங்க."

அவரால் நம்ப முடியவில்லை. இத்தனை ஆயிரம் பேரை உட்கார வைத்துவிட்டு, நடப்பதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வைக்கவில்லையா? நம் குமராட்சியில் வேடிக்கை பார்க்க வந்த மாட்டுக்குக்கூட ஸ்கோர் சொல்கிறோமே? முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் காதில் சின்ன ரேடியோவைச் செருகிக்கொண்டு தனியாக வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு வந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுகிறவரைப் பார்ப்பது போல வைத்திலிங்கம் அவரைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சத்தம் வராமல் உதடு மட்டும் ஓட ஆரம்பித்தது. "நெட்டை நெடுமரமாய் ஓடி வருகிறார், வீசுகிறார், அளவான பந்து, ஆட்டக்காரர் மட்டையை வளைத்து..." மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை ஓவர் தொடங்கும்போது ஒரு திருகு திருகினார். முடியும்போது திரும்ப மூடினார். அது அவருடைய சுவிட்ச். இந்தியர் ஒருவர் பந்தை எல்லைக் கோட்டுக்கு அனுப்பியபோது மைதானமே எழுந்து நின்றது. வைத்திலிங்கத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. முதல் நோட்டு. சார்பில். அவர் கையை வெளியே எடுத்துவிட்டார்.

"இன்னாப்பா முணுமுணுக்கற?" என்றாள் பவானி.

"ஒண்ணுமில்ல பாப்பா. சும்மா."

அவள் பார்வை பாட்டில் மூடிக்குப் போயிற்று.

டெஸ்ட் முடிந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பூங்காவில் கூடின. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் ஆணும் பெண்ணுமாகக் கலந்து ஆடும் டென்னிஸ் பால் ஆட்டம். ஜெயராணி சும்மா இருப்பாளா? சர்ச்சில் வீடு வீடாகக் கேரல் பாடப் போகும்போது கொண்டுபோகிற ஸ்பீக்கரையும் மைக்கையும் அன்பரசு காரில் எடுத்து வந்துவிட்டார். மடக்கு மேசை ஒன்றைப் போட்டு, "அண்ணே, இது உங்க எடம்" என்றாள் ஜெயராணி.

வைத்திலிங்கம் மகளைப் பார்த்தார். அவள் எங்கோ திரும்பி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் மைக்கை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார்.

"ரசிகப் பெருமக்களே! கங்காருகள் துள்ளி விளையாடும் இந்த மண்ணில், கடலூர் மாவட்டத்துக் காளைகளும் கன்னியரும் மோதும் மாபெரும் கிரிக்கெட் திருவிழா!"

பூங்காவில் நாயோடு நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நாயும் நின்றது. அதன் பிறகு யாரும் அவரை நிறுத்த முடியவில்லை. ஸ்ரீதர் பந்து போட வந்தால் "திட்டக்குடி தந்த வேகப்புயல்". அன்பரசு ரன் அவுட் ஆனபோது "அவசரப்பட்டு முட்லூரிலேயே இறங்கிவிட்டார், சிதம்பரம் இன்னும் வரவில்லை." ஜெயராணி ஒரு கேட்ச்சை விட்டபோதும் "மஞ்சக்குப்பத்து மங்கையின் கைக்கு வந்து, மனசு மாறிப் போய்விட்டது பந்து" என்றார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்க, வரிசை கட்டிவிட்டது. வந்த ஒவ்வொரு நோட்டுக்கும் பெயரும் ஊரும் தகப்பனார் பெயரும் முழங்கின. சௌந்தரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தன் புருஷனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மட்டையோடு உள்ளே வந்தாள் பவானி.

"அடுத்து களம் இறங்குகிறார்..." என்று ஆரம்பித்த வைத்திலிங்கத்தின் குரல் நின்றது. ஸ்பீக்கர் சும்மா இரைந்தது. எல்லோரும் மேசைப் பக்கம் பார்த்தார்கள். "...அடுத்த ஆட்டக்காரர்" என்று முடித்தார்.

"அண்ணே, பேரு?" என்று கத்தினாள் ஜெயராணி.

அவர் காதில் வாங்காத மாதிரி மைதானத்தைப் பார்த்தார். முதல் பந்து அவளைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதைத் தட்டினாள். மூன்றாவதை, காலை முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பட்டது. பந்து மரங்களுக்கு மேலே போய், நடைபாதையைத் தாண்டி விழுந்தது. அன்றைய ஆட்டத்தில் அதுதான் பெரிய அடி. பூங்காவே கூவியது.

வைத்திலிங்கத்தின் நாக்கில் அத்தனையும் வந்து நின்றது. சிக்னல், ரயில், கண்டம், சிதம்பரத்து மங்கை. சுவிட்சை அணைத்தார். மைக்கை உதட்டருகே கொண்டுபோனார். உதடு அசைந்தது. திரும்பச் சுவிட்சைப் போட்டு, "ஆட்டக்காரர்... ஆறு ரன்கள்" என்றார்.

அடுத்த பந்தில் அவள் அவுட். மட்டையை இழுத்துக்கொண்டு நேராக மேசைக்கு வந்தாள். வழியில் ஸ்ரீதர் பையிலிருந்து ஒரு நோட்டை உருவிக்கொண்டாள். அதை மேசையில் வைத்தாள்.

"அன்பளிப்பு. வர்ணனையாளருக்கு. சொல்லு."

வைத்திலிங்கம் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் வர்ணனையாளருக்கு யாரும் கொடுத்ததில்லை. மைக்கை எடுத்து, "நமது வர்ணனையாளரைப் பாராட்டி, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அன்பர்..." என்று ஆரம்பித்தார்.

பவானி மைக்கைக் கையால் பொத்தினாள்.

"நான் அப்பிடிச் சொல்லலியே. காசு வாங்குனா பேரச் சொல்லணும். உஞ்சட்டம்தான அது?"

"பாப்பா... உந்தலைல கை வெச்சு சத்தியம் பண்ணிருக்கேன்."

"பண்ணச் சொன்னவ நான்தானே. ஒம்பதாங் கிளாசு படிக்கறப்ப, நாலு பசங்களுக்கு பயந்துகிட்டு சொன்னது." அவள் குரல் இறங்கிற்று. "ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு நான் மாடியில நின்னு கேட்டுகிட்டு இருந்தம்பா. எல்லாப் புள்ளைங்க பேரும் வந்துச்சு. பெயிலான கதிர்வேலு பேருகூட வந்துச்சு. எம் பேரு வரும் வரும்னு மேட்ச் முடியற வரைக்கும் நின்னேன். வரல. அதுக்கப்பறம் நானா எப்பிடி வந்து கேக்கறது?"

வைத்திலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொன்னேன் பாப்பா. சுவிட்ச அமத்திட்டு சொன்னேன்."

"அமத்திட்டு சொன்னா எனக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றாள் பவானி. கையை எடுத்தாள். "அன்னிக்கு மேட்ச்ல பாட்டில் மூடியத் திருகித் திருகிப் பேசனியே, அதையும் பாத்தேன். இப்ப சுவிட்சு போட்டுத்தான் இருக்கு. சொல்லு."

மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. வைத்திலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மைக்கில் எப்போதும் உட்கார்ந்துதான் பேசுவார், எழுந்து நின்றது அதுவே முதல் தடவை. தொண்டையைச் செருமினார்.

"ஒரு முக்கிய அறிவிப்பு! சற்று முன் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய சிக்ஸரை அடித்தவர், நமது வர்ணனையாளருக்கு அன்பளிப்பு வழங்கியிருக்கிறார். சிதம்பரம் வைத்திலிங்கம் சௌந்தரம் தம்பதியரின் ஒரே மகள். ஆஸ்திரேலியக் கண்டத்தில் ரயிலை நிறுத்தவும் போகவும் உத்தரவிடும் சிதம்பரத்து மங்கை. உங்கள் ஊரில் பச்சை விளக்கு எரிந்தால் அது இவர் போட்டது, சிவப்பு விளக்கு எரிந்தால் அதுவும் இவர் போட்டது. பவானி! பவானி சார்பில் அன்பளிப்பு! திருமதி பவானி ஸ்ரீதர் சார்பில்!"

கை தட்டல் அடங்கவே இல்லை. சௌந்தரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பவானி மேசை ஓரத்தில் மட்டையை ஊன்றிக்கொண்டு, முகம் சிவந்து, ஆனால் நகராமல் நின்றாள். வைத்திலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். ஐந்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய டிபன் பாக்ஸ் வந்தது. எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டி வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் வந்தது.

மைதானத்தின் நடுவில் ஸ்ரீதர் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் பொறுக்காமல் குரல் கொடுத்தான்.

"மாமா, பந்து போடலாமா?"

வைத்திலிங்கம் மைக்கிலேயே பதில் சொன்னார்.

"செத்த இருங்க மாப்ள. ப்ளஸ் டூவே இன்னும் வரல."